சுவர் கணக்கில் வராது

மனைவியின் குரலுக்கு மாதம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. முகமும் வேண்டுமென்றால் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்த முகம் அசையவும் வேண்டுமென்றால் ஆயிரத்து எண்ணூறு. வரி தனி.

விலைப்பட்டியலை நீட்டிய இணையக் கம்பெனி ஆலோசகர் இப்படிச் சொல்லவில்லை. வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று திட்டங்களைச் சொன்னார். தையல்காரர்தான் உள்ளுக்குள் பொருள் பிரித்துக்கொண்டார். மினுங்குகிற துணியைக் கடை விளக்கில் பார்க்காதே, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார் என்பது துணி வாங்கியே நரைத்தவருக்குத் தெரியும். ஆனால் வைஃபை அலையை எந்த வெயிலில் பிரித்துப் பார்ப்பது?

"எந்த ரூட்டர் எங்க பின்னறை வரைக்கும் எட்டும்? அதை மட்டும் சொல்லுங்க சார், மத்தது வேணாம்."

"எல்லாமே எட்டும் சார். ரெண்டு கொம்பு இருக்கு, நாலு கொம்பு இருக்கு, எட்டுக் கொம்பு இருக்கு."

"எட்டுக் கொம்பு என்ன செய்யும்?"

"நாலு செய்யறதை ரெண்டு மடங்கா செய்யும்."

"நாலு என்ன செய்யும்?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"சார், எட்டுக் கொம்போட வீச்சு ரெண்டாயிரம் சதுர அடி. உங்க வீடு எழுநூறு. மூணு வீட்டுக்கு வர்றதை ஒரு வீட்டுக்கு வாங்கறீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எங்க வீட்டுச் சுவர் ரெண்டு சாண் கனம் சார். உள்ள தகரம் வேற."

"சுவர் எங்க கணக்குல வராது சார்," என்றார் ஆலோசகர், பெருமையாகவே. "சதுர அடிங்கறது தரை. சுவர் நிக்கற சாமான். நிக்கறதை நாங்க அளக்கறதில்ல."

தையல்காரர் அந்தச் சொல்லை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டார். எதற்கென்று அப்போது அவருக்கே தெரியாது.

அவர் குடியிருந்த கட்டடம் முன்னொரு காலத்தில் குளிர்பதனக் கிடங்கு. மீனும் பழமும் உறைந்து கிடந்த இடத்தைத் தடுத்துத் தடுத்து வீடாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாடகை மலிவு, காரணம் பின்னறை. அது கிடங்கின் உள்ளறையாகவே இருந்தது. கனத்த சுவர், இரண்டு பக்கமும் தகரம், ஒற்றைக் கதவு. கைபேசியை அங்கே கொண்டுபோனால் அது வெறும் கண்ணாடி.

அந்த அறையில்தான் மாமனார் படுத்திருந்தார். முப்பத்தாறு வருஷம் லாரி எடைமேடையில் கணக்கராக உட்கார்ந்தவர். ஒரு காலை, வாய் ஒரு பக்கம் கோணி, பாதிச் சொல்லில் நின்றுபோனார். வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலைத் துண்டுதுண்டாகக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். முழுசாக அது கதவைத் தாண்டாது. தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதரைத் தையல்காரர் ஒற்றை ஆளாகத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவரவும் முடியாது.

அவருடைய ஒரே மகள், தையல்காரரின் மனைவி, தொலைதேசத்தில் முதியோர் இல்லமொன்றில் செவிலி. பிறத்தியாருடைய அப்பாக்களைக் குளிப்பாட்டிய கூலியில்தான் இங்கே அவளுடைய அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி நடந்தது. பயிற்சி அம்மா வாரம் இரண்டு முறை வருவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாரைப் பார்த்தா பேசணும்னு இவருக்குத் தவிப்பா இருக்கோ, அவங்க முகத்தைத் தினம் காட்டுங்க. அதுதான் மருந்து, மத்ததெல்லாம் பத்தியம்." கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தினமும் எத்தனை சொல் பேசினார் என்று குறித்துவைக்கச் சொன்னார். சொன்னதையே திருப்பிச் சொன்னால் கணக்கில்லை.

முன்னறையில் இருந்த பழைய ரூட்டரின் அலை மட்டும், கதவைத் திறந்துவைத்தால், பின்னறை வரை ஒருவழியாக எட்டியது. அவளுக்கு அங்கே சாப்பாட்டு நேரம், இங்கே மாலை நான்கு மணி. இருபத்தைந்து நிமிஷம். திரையில் மகள் முகம் வந்ததும் கிழவர் முதலில் வெறுமனே பார்த்தார். மூன்றாம் வாரம் 'ம்' என்றார். பயிற்சி அம்மா அதைச் சொல்லாக ஏற்கவில்லை. ஆறாம் வாரம் 'சாப்டியா' வந்தது. ஐந்து மாதத்தில் ஒன்பது சொல். பூஜ்யத்திலிருந்து ஒன்பது.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: 'உங்கள் இணைப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

மேம்படுத்திய மறுநாள், நான்கு மணி ஆறு நிமிஷத்துக்கு, மகள் சிரித்துக்கொண்டே எதையோ சொல்ல வந்த இடத்தில் படம் உறைந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பாதிச் சொல்லில்.

கிழவர் அந்த முகத்தைப் பார்த்தார். அந்தக் கோணல் அவருக்குத் தெரிந்த கோணல். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, சொல்லே இல்லாமல் கத்தினார். தையல்காரர் ஓடிவந்து, "மாமா, நெட்டு மாமா, நெட்டுதான் நின்னுடுச்சு, அவ நல்லாயிருக்கா," என்று எத்தனை முறை சொல்லியும் காதில் ஏறவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளும் படம் அங்கேயே உறைந்தது. மூன்றாம் நாள், கைபேசியைக் கண்டதும் கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முன்னறையிலிருந்து பேசி மனைவியின் வீடியோவைப் பதிவுசெய்து கொண்டுபோய்க் காட்டிப் பார்த்தார் தையல்காரர். கிழவர் ஏதோ கேட்க உதட்டைக் கூட்டினார். பதிவு பாட்டுக்கு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. எடைமேடைக்காரருக்குப் பொய் எடை தெரியாதா? மறுபடி சுவர்.

கடைத்தெருவில் வேறொரு ரூட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தார். அந்நியக் கருவி என்று கம்பெனி வயர் அதைத் தொட மறுத்தது. அதன் பிறகுதான், ஆறாம் நாள், ஆலோசகர் முன்னால் டோக்கனோடு உட்கார்ந்து எட்டுக் கொம்புக்குக் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் தூக்கப் போனவரைத் தடுத்தார்கள்.

"கருவியை நீங்க மாட்டக் கூடாது சார். எங்க அளவையாளர் வந்து உங்க வீட்டோட நடுவைக் கண்டுபிடிச்சு அங்க மாட்டுவார். இலவசம்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் தையல்காரர் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வியாபாரத்தில் அதைவிட விலை கூடின சரக்கு கிடையாது.

அளவையாளர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வந்தவர் மரியாதையான மனிதர். செருப்பை வெளியில் விட்டார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், வீட்டை நாடாவால் அளந்தார். பிறகு ஒரு அட்டையில் வீட்டை வரைந்து கத்தரித்தார். முன்னறையும் நடையும் ஒரு நீளம். அதன் முனையில் குறுக்கே திரும்பிப் பின்னறை. அட்டை முழங்கையை மடக்கி வைத்த மாதிரி இருந்தது.

"நூல் இருக்கா சார்?"

தையல்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? அளவையாளர் அட்டையை ஒரு மூலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, நூல் தொங்கும் வழியில் கோடு போட்டார். இன்னொரு மூலையிலும் அப்படியே. இரண்டு கோடும் சந்திக்கிற இடம்தான் வீட்டின் நடு என்றார். கோடுகள் அட்டையைத் தாண்டிப் போய், முழங்கையின் உள்மடிப்பில், வெறும் காற்றில் சந்தித்தன.

அளவையாளர் கலங்கவில்லை. மடிப்பில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, காற்று நின்ற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார்.

"அது எங்க வீடு இல்லியே சார்," என்றார் தையல்காரர்.

"உங்க வீட்டோட நடு சார்."

"நடு வெளியில இருக்கே."

"வீடு அப்படிக் கட்டியிருக்காங்க. அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்? அலைங்கறது தண்ணி மாதிரி சார். குளத்து நடுவுல கல்லைப் போட்டா முழு வட்டமா விரியும். ஓரத்துல போட்டா பாதி வட்டம் வீணாப் போகும். வீணாக்கறதைக் கம்பெனி ஒத்துக்காது."

புள்ளி விழுந்த இடம் பக்கத்து வீட்டு அடுப்படி. அங்கே குடியிருந்தவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிற பெண்மணி. தெருவே அவரை டிரைவிங் அக்கா என்றுதான் கூப்பிடும். அளவையாளர் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியோடு இடுப்பில் கை வைத்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் தையல்காரர் வீட்டுல நின்னா சமைச்சிட்டிருக்கேன்?"

"கம்பெனி கணக்குப்படி ஆமாங்க மேடம்."

"அப்ப கேஸ் பில்லை அவர்கிட்டயே கொடுத்துடுங்க." பிறகு தையல்காரரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மாட்டிக்கட்டும் தம்பி. பெரியவர் பேசினா சரி."

ஃபிரிட்ஜுக்கு மேலே, பின்னறைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி, எட்டுக் கொம்போடு ரூட்டர் நண்டு மாதிரி ஏறி உட்கார்ந்தது. அளவையாளர் ஒரு முழத் தூரத்தில் நின்று தன் கருவியை நீட்டினார். ஐந்து கோடும் எரிந்தன.

"பிரமாதம். நூறு சதவீதம்."

"எங்க வீட்டுக்குள்ள வந்து பாருங்க சார். பின்னறையில."

"நடுவுல பாக்கறதுதான் சார் விதி. ஓரத்துல பாத்தா ஓரத்தோட நிலைமைதானே தெரியும்? நடுவுல பாத்தா வீடு முழுக்கத் தெரிஞ்சிடும்."

"நான் சட்டை தைச்சா ஆளுக்குப் போட்டுப் பாத்துத்தான் கொடுப்பேன். நீங்க கொக்கியில மாட்டிப் பாத்துட்டுக் கச்சிதம்னு எழுதறீங்களே."

"நல்லாச் சொன்னீங்க சார்," என்று மனதாரச் சிரித்தார் அளவையாளர். தங்கக் கரை போட்ட சான்றிதழைத் தையல்காரர் கையில் கொடுத்து, ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். கருவியின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்: 'இடம் மாற்றினால் இணைப்பு தானாக ரத்தாகும்.'

பின்னறையில் ஒரு கோடு எரிந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

அன்றிலிருந்து தையல்காரர் மனைவியோடு அக்கா வீட்டு அடுப்படியில் நின்று பேசினார். படம் பளிச்சென்று தெரிந்தது.

"என்னங்க, பின்னாடி யாரோட ஃபிரிட்ஜ்?"

"அது பெரிய கதை."

"கதையை விடுங்க, அப்பாவைக் காட்டுங்க."

"தூங்கறார்மா."

"நேத்தும் தூங்கினார். முந்தாநேத்தும் தூங்கினார். மூணு வாரமா நாலு மணிக்குத் தூங்கறார்." அவள் குரல் ஒரு படி இறங்கியது. "இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"அட, என்ன பேச்சு இது. இரு, போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"போட்டோ வேணாம். போட்டோவுல எல்லாரும் உயிரோடதான் இருப்பாங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மாசக் கடைசிக்குள்ள அப்பா முகம் அசையறதை நான் பாக்கணும். இல்லேன்னா ஒப்பந்தத்தைக் கிழிச்சிப் போட்டுட்டு ஃபிளைட் ஏறிடுவேன். வேலை போனா போகட்டும்."

வேலை போனால் பயிற்சி போகும். பயிற்சி போனால் பேச்சு போகும். தையல்காரர் நோட்டைப் புரட்டினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று பென்சிலால் பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக இறங்கியிருந்தது.

புகார் எண்ணைக் கூப்பிட்டார். முழு வீச்சுச் சான்றிதழ் பெற்ற வீட்டிலிருந்து வீச்சுக் குறைவு என்ற புகாரை எடுத்துக்கொள்ள இயலாது என்று இனிமையான ஒரு குரல் சொன்னது. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புகார் செய்யலாமா என்று கேட்டார். சான்றிதழைத் திருப்பிக் கொடுப்பதற்கு வீச்சுக் குறைவு என்று புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்றது அதே குரல், இனிமை குறையாமல்.

கடைசியில் மண்டல மேலாளரிடம் போனார். மேலாளர் அறையில் ஐந்து ரூட்டர்கள் பூச்சாடி மாதிரி வைத்திருந்தார்கள். எதிலும் வயர் இல்லை. மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவருக்கு விருது கிடைத்திருந்தது. அது சுவரில் தொங்கியது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. எங்க கம்பெனிக்கு வாடிக்கையாளர்தான் எல்லாம். அதனாலதான் வாடிக்கையாளர் சொல்றதை அப்படியே நம்பிட மாட்டோம், அளந்து பாக்கறோம். அளந்ததுல நூறு. நீங்க பூஜ்யங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணும். எங்க கருவி விலை எவ்வளவு தெரியுமா? அவ்வளவு விலை கொடுத்து வாங்கின கருவி தப்புச் சொல்லுமா? சரி, பெரியவரை அலை இருக்கற இடத்துக்குக் கொண்டு வரலாமே?"

"கட்டில் கதவைத் தாண்டாது சார்."

"பின்னறையை வெளிப்புறம்னு எழுதிடலாம். வெளிப்புறத்துல அலை இல்லேன்னா அது குறையே இல்ல. உங்க குறை இப்பவே தீர்ந்துடும்."

"என் குறை தீரும் சார். அவர் பேச மாட்டாரே."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு வழி இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு கருவிதான் விதி. பின்னறையை ஒரு தனி வீடாக்கி, பெரியவரைக் குடும்பத் தலைவராக்கி, அவர் பேர்ல இன்னொரு இணைப்புக் கொடுத்துடறோம். அவர் வாயால சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். ஆனாலும் மூக்கு கிடைத்தால் சரி என்று தையல்காரர் தலையாட்டினார்.

குரல் சரிபார்க்க வந்த பெண் கட்டிலருகில் உட்கார்ந்து ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினாள். "ஐயா, 'எனக்குச் சம்மதம்' அப்படீன்னு சொல்லுங்க."

கிழவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"மூணு வாய்ப்புத்தான் சார் இருக்கு," என்றாள் அவள் தையல்காரரிடம். "இது முதல்."

"அம்மா, இவர் மகள் முகத்தைப் பாத்தாத்தான் பேசுவார். முகத்தைப் பாக்கணும்னா இங்க இணைப்பு வேணும்."

"இணைப்பு வேணும்னா அவர் பேசணும் சார்."

"பேசணும்னா இணைப்பு வேணும்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்," என்றாள். அவள் கேலி செய்யவில்லை. "ஐயா, ரெண்டாவது."

தையல்காரர் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போய்க் குனிந்தார். "மாமா, ஒரே ஒரு சொல். எனக்காக வேணாம், அவளுக்காக." கிழவரின் உதடு கூடியது. நெற்றி நரம்பு புடைத்தது. இடது கை போர்வையைக் கசக்கியது. உள்ளே எங்கேயோ ஒரு லாரி மேடையேறி, எடை விழாமல், திரும்ப இறங்கிப் போயிற்று.

மூன்றாவது வாய்ப்பும் முடிந்தது. அந்தப் பெண் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேடி 'டிக்' அடித்தாள்: வாடிக்கையாளர் ஆர்வம் காட்டவில்லை.

அவள் போன பிறகு தையல்காரர் அக்கா வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். அக்கா டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த நண்டைப் பார்த்தார்.

"இதைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிடலாமே தம்பி. சுவருக்கு ஒரு சாண்தான்."

"நகத்தினா ரத்தாயிடும்கா. ஸ்டிக்கர்ல போட்டிருக்கு."

"எங்க ஸ்கூல்லயும் ஒருத்தன் வருவான். வண்டியைத் திருப்பத் தெரியாது. இருந்த இடத்துலயே உக்காந்துக்கிட்டு, 'கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நட முடியாதாக்கா'ங்கறான்."

தையல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆலோசகர் சொல்லி, தான் முடிந்துவைத்திருந்த சொல் இப்போது அவிழ்ந்தது.

"அக்கா, கருவியை நகத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சுவரை நகத்தக் கூடாதுன்னு எங்கயும் போடல. சுவர் அவங்க கணக்குலயே வராது."

அக்கா அவரையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். "வீட்டுக்காரர் கேட்டா?"

"ஆணி அடிச்சோம், கொஞ்சம் பெரிய ஆணின்னு சொல்லலாம்."

கொத்தனார் மறுநாள் காலையில் வந்தார். அடுப்படிப் பக்கத்துத் தகரத்தில் தொடங்கியதுமே உளி வழுக்கியது. தகரம் வெட்டுகிற கத்தரி தன்னிடம் இல்லை, போய் எடுத்துவர மதியமாகும் என்றார். தையல்காரர் வீட்டுக்குள் போய், தொழில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருந்த பெரிய கத்தரியை எடுத்து வந்தார். காகிதம் வெட்டக்கூட அதை யாருக்கும் தந்தவரில்லை. தகரம் ஓலமிட்டுக்கொண்டு பிரிந்தது. பிறகு கொத்தனார் செங்கல்லைப் பெயர்த்தார், மறுபக்கத் தகரத்தையும் அதே கத்தரி வெட்டியது. மதியத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தலையணை அளவுக்கு ஓட்டை விழுந்தது. ரூட்டர் இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல்கூட அசையவில்லை. பின்னறையில் ஐந்து கோடும் எரிந்தன.

மகள் சொன்ன மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான்கு மணிக்குத் தையல்காரர் கைபேசியைக் கட்டில் கம்பியில் கட்டினார். மணி அடித்தது. கிழவர் முகம் சுவர்ப்பக்கம்.

"அப்பா," என்றாள் மகள். "அப்பா, நான்தான். இங்க பாருங்க."

அவர் திரும்பவில்லை. அவள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள்: அங்கே மழை, அங்கே ஒரு கிழவர் ஸ்பூனை ஒளித்துவைக்கிறார், தன் செருப்பு அறுந்துவிட்டது. ஆறு நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அடுப்பை அணைத்துவிட்டு அக்கா நின்றிருந்தார்.

பதினேழாம் நிமிஷம் கிழவர் தலையைத் திருப்பினார். திரையைப் பார்த்தார். மகளின் வாயையே பார்த்தார், லாரி மேடையில் முள் நிற்கக் காத்திருக்கிறவர் மாதிரி. இடது கை மெல்ல எழுந்து, முதலில் தன் உதட்டைத் தொட்டது, பிறகு அவள் உதட்டைத் தொட்டது.

"அசையுது," என்றார்.

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. மகள் முகத்தை மூடிக்கொண்டாள். தையல்காரர் நோட்டை எடுக்கப் போன நேரம் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது: 'உங்கள் இல்லத்தில் இன்றைய வீச்சு நூறு சதவீதம். நேற்றைய வீச்சு நூறு சதவீதம். மாற்றம் இல்லை. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.'

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது; சீவக் கத்தரியைத் தேடி, தகரம் வெட்டிய அதற்கு இனி கூரே இல்லை என்பது நினைவுக்கு வர, அப்படியே எழுதினார்.

மேம்பாட்டுக்கு முன்: ஒன்பது சொல்.
மேம்பாட்டில் போன நாள்: நாற்பத்தொன்று.
இன்று வரவு: ஒன்று.
நிலுவை: எட்டு.